கேம் அல்லாத சிமுலேட்டருக்கு கேம் எஞ்சின்: லைசென்ஸ் கணக்கு எங்கே தொடங்குகிறது

கேம்களை உருவாக்கும் மென்பொருளான கேம் எஞ்சினில் சிமுலேட்டர் செய்யும் குழுக்களில் பல, லைசென்ஸ் பக்கத்தைத் திறந்து படிப்பது டெலிவரிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான். அதுவரை "எஞ்சின் ஃப்ரீதானே" என்ற ஒரே வரியில் பேச்சு முடிந்துவிடும். அந்த "ஃப்ரீ" கேம் செய்கிறவரை மனதில் வைத்துச் சொன்னது. கிரேன் ஓட்டப் பழக்கும் பயிற்சி மென்பொருள், ரோபோவைச் சோதிக்கும் மெய்நிகர்த் தளம், பொருளைக் கண்டுணரும் ஏஐ மாடலுக்குப் படங்களை உற்பத்தி செய்யும் பைப்லைன் ஆகியவற்றுக்கும் அதே எடிட்டர்தான் (காட்சியை உருவாக்கும் கருவி), அதே டவுன்லோட்தான். விதி மட்டும் வேறு.

எந்த எஞ்சினாக இருந்தாலும் முதலில் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டரைத் திறக்கப் போவது யார், எத்தனை பேர்? முடிந்த பில்ட் (பயனர் ஓட்டும் இறுதி மென்பொருள்) யாருடைய கணினியில் ஓடப் போகிறது? பணம் எதற்காகக் கைமாறுகிறது: மென்பொருள் பிரதிக்கா, உங்கள் உழைப்புக்கா, அதிலிருந்து வெளிவரும் வீடியோவுக்கும் தரவுக்குமா? ஒப்பந்தத்தின் நாற்பது பக்கமும் இந்த மூன்றைச் சுற்றித்தான் ஓடுகிறது. "இது கேமா, இல்லையா" என்ற விவாதத்தில் இறங்கினால் நேரம்தான் போகும்.

அன்ரியல்: சீட்டா, ராயல்டியா

இங்கே குழப்பம் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். எபிக் நிறுவனத்தின் அன்ரியல் எஞ்சின் 4, 2014இல் மாதம் 19 டாலர் சந்தாவோடு வந்தது. 2015 மார்ச்சில் சந்தா போய், 5 சதவீத ராயல்டி (விற்பனை வருவாயில் எஞ்சின் நிறுவனத்துக்குப் போகும் பங்கு) மட்டும் நின்றது. 2020இல் ஒரு தயாரிப்பின் வாழ்நாள் மொத்த வருவாயில் முதல் 10 லட்சம் டாலருக்கு ராயல்டி கிடையாது என்று மாறியது. இத்தனை மாற்றத்திலும் கேம் அல்லாத வேலை பெரும்பாலும் செலவில்லாமலே நடந்தது. 2024 ஏப்ரலில் 5.4 பதிப்போடு அந்த நிலை முடிவுக்கு வந்தது. கேம் அல்லாத துறையில், கடந்த 12 மாத மொத்த வருவாய் 10 லட்சம் டாலரைத் தாண்டிய நிறுவனம், ஒரு சீட்டுக்கு (எடிட்டரைத் திறக்கும் ஒருவருக்கான லைசென்ஸ்) ஆண்டுக்கு 1,850 டாலர் கட்ட வேண்டும். கட்டடக் காட்சிகளுக்கான ட்வின்மோஷனும், புகைப்படங்களிலிருந்து 3டி மாடல் செய்யும் ரியாலிட்டி கேப்சரும் அப்போது அந்த விலைக்குள் அடக்கம். வரம்புக்குக் கீழே உள்ளவர்கள், மாணவர்கள், கல்வி நிறுவனங்கள் கட்ட வேண்டியதில்லை.

கேம் இல்லை என்றாலே சீட்தான் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பாதி சரி. உங்கள் சிமுலேட்டர் ஓடும்போது அதற்குள் அன்ரியல் கோட் இருக்கிறது, அதை மூன்றாம் தரப்புப் பயனர்களுக்கு லைசென்ஸ் கொடுத்து விற்கிறீர்கள் என்றால், கேமுக்கு உள்ள அதே ராயல்டி விதிதான் பொருந்தும், சீட் அல்ல. நிறுவனத்துக்குள்ளேயே பயன்படுத்தும் சிமுலேட்டர், கட்டட வாக்த்ரூ வீடியோ, ஒளிபரப்பு கிராஃபிக்ஸ் போன்றவை சீட் பக்கம் போகும். ஒரே வாடிக்கையாளருக்கு ஒப்பந்த வேலையாகச் செய்துகொடுப்பது வழக்கமாகச் சீட் கணக்கில் வரும். ஆனால் அதே மென்பொருளை லோகோ மாற்றி நான்காவது வாடிக்கையாளருக்குக் கொடுக்கும்போது அதை ஒப்பந்த வேலை என்று சொல்ல முடியுமா என்பது நியாயமான சந்தேகம். இப்படி எல்லைக்கோட்டில் நிற்கும் திட்டமென்றால் எஞ்சின் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் கிடைத்த உறுதிமொழி தணிக்கையில் நிற்காது.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெரிய நிறுவனம் தன் ஊழியர்களுக்காகவே கிரேன் சிமுலேட்டர் செய்கிறது. ஆறு பேர் எடிட்டர் திறக்கிறார்கள். ஆண்டுக்கு 11,100 டாலர், மூன்று ஆண்டுக்கு 33,300. அந்த ஆறு பேரில் இருவர் 3டி மென்பொருளான பிளெண்டரிலேயே மாடல் செய்து எஃப்பிஎக்ஸ் கோப்பாகக் கொடுத்துவிட்டு, அன்ரியலைத் தொடுவதே இல்லை என்றால் நான்கு சீட் போதும், ஆண்டுக்கு 7,400. ஆனால் "மெட்டீரியல் சரியா வந்திருக்கா" என்று பார்க்க அவர்களும் எடிட்டரைத் திறக்க ஆரம்பித்தால் மறுபடியும் ஆறு. அதனால் பைப்லைனை வடிவமைக்கும்போதே யார் எங்கே நிற்பார்கள் என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

அதே சிமுலேட்டரை வெளியே விற்பதாக வைத்துக்கொள்வோம். பிரதி 20,000 டாலர். 40 பிரதி விற்றால் 8 லட்சம், ராயல்டி எதுவும் இல்லை. 80 பிரதி விற்றால் 16 லட்சம். வரம்பைத் தாண்டிய 6 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 30,000 டாலர். இத்தோடு நின்றால் பரவாயில்லை. 80 வாடிக்கையாளர்களும் ஆண்டுக்கு 2,000 டாலர் அப்டேட் சந்தா கட்டினால் அது 1,60,000. அதுவும் அந்தத் தயாரிப்பின் வருவாய்தான். வரம்பு ஏற்கெனவே தாண்டிவிட்டதால் முதல் டாலரிலிருந்தே 5 சதவீதம், வருடத்துக்கு 8,000. விலைப்பட்டியல் போடும் விற்பனைப் பிரிவுக்கு இதை யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று: ராயல்டி மொத்த வருவாயின் மேல், உங்கள் கைக்கு வரும் தொகையின் மேல் அல்ல. விநியோகஸ்தர் 30 சதவீதம் எடுத்துக்கொண்டால் 20,000இல் உங்களுக்கு 14,000தான் வரும். ராயல்டி 20,000க்கு 1,000. உங்கள் பங்கில் பார்த்தால் அது 7 சதவீதத்துக்கும் மேல். மோஷன் பிளாட்ஃபார்ம், ஸ்டீரிங், திரை எல்லாம் சேர்த்து ஒரே விலையாக விற்கிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இன்வாய்ஸில் வன்பொருள் ஒரு வரி, மென்பொருள் ஒரு வரி, நிறுவுதலும் பயிற்சியும் ஒரு வரி என்று முதல் நாளிலிருந்தே பிரித்துப் போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு ஆண்டு கழித்து "இதில் மென்பொருள் எவ்வளவு" என்ற கேள்வி வரும்போது, பழைய இன்வாய்ஸைப் பிரித்துக் காட்ட வழியே இருக்காது.

எடிட்டர் சீட் இல்லையென்று தானாகப் பூட்டிக்கொள்ளும் என எதிர்பார்க்க வேண்டாம். கணக்கு வைப்பது உங்கள் பொறுப்பு.

எடிட்டரையே வாடிக்கையாளருக்குக் கொடுப்பது

பயிற்சி சிமுலேட்டரில் தவறாமல் வரும் கோரிக்கை: "புது பயிற்சிக் காட்சிகளை எங்கள் பயிற்சியாளரே உருவாக்கிக்கொள்ள வேண்டும்." சுலபமான வழியென்று ஒரு எடிட்டர் பிளகின் எழுதி, ப்ராஜெக்டோடு சேர்த்து ஒப்படைத்துவிடுகிறார்கள். பில்டை யாருக்கும் கொடுக்கலாம். எடிட்டர் கருவிகளையும் எஞ்சின் சோர்ஸையும் ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்ட இன்னொரு லைசென்ஸிக்குத்தான் கொடுக்க முடியும். வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டாலும், அவர் பெரிய நிறுவனமென்றால் எடிட்டரைத் திறக்கும் ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் அவர் தரப்பில் சீட் வேண்டும். இருபது பயிற்சியாளர் என்றால் ஆண்டுக்கு 37,000 டாலர், உங்கள் விலைப்பட்டியலில் இல்லாத செலவு.

காட்சி எடிட்டரைப் பில்டுக்குள்ளேயே செய்வதுதான் சரியான தீர்வு. பொருளை எடுத்து வைக்க, திருப்ப, பாதை வரைய, வானிலை மாற்ற ஒரு எளிய திரை போதும். காட்சியை ஜேசன் உரைக் கோப்பாகச் சேமித்து, ஓடும்போது படித்து எழுப்ப வேண்டும். இது நான்கு முதல் ஆறு வார வேலை கேட்கலாம். ஆனால் லைசென்ஸ் சிக்கலும் போகும், பயிற்சியாளர் தவறுதலாக லைட்டிங்கைக் கலைத்துவிட்டு உங்களுக்கு அழைப்பதும் போகும்.

எஞ்சின் சோர்ஸைத் திருத்தியிருந்தால் ஒப்படைப்பு இன்னும் நுணுக்கமாகிறது. உங்கள் சொந்த சி++ மாட்யூல்கள் உங்களுடையவை, கொடுக்கலாம். திருத்திய எஞ்சினை ஜிப் செய்து வாடிக்கையாளரின் ஐடி பிரிவுக்கு அனுப்பக் கூடாது. அவர்கள் கிட்ஹப் கணக்கை எபிக் கணக்கோடு இணைத்து அணுகல் பெற்ற பிறகு, உங்கள் தனி ஃபோர்க்கை (திருத்திய நகலை) பகிர வேண்டும். "முழு சோர்ஸ் கோடும் ஒப்படைக்கப்படும்" என்று டெண்டரில் கையெழுத்துப் போடுமுன் "எஞ்சின் சோர்ஸ் நீங்கலாக" என்ற மூன்று சொல்லைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

யூனிட்டி: உங்கள் வருவாய் மட்டும் போதாது

இன்னொரு எஞ்சினான யூனிட்டியில் ராயல்டி கிடையாது, சீட் மட்டும். 2023 செப்டம்பரில் அறிவித்த, நிறுவும் எண்ணிக்கைக்கு ஏற்ற ரன்டைம் கட்டணம் 2024 செப்டம்பரில் ரத்தானது. கூடவே இலவசமான பெர்சனல் அடுக்கின் வரம்பு 1 லட்சம் டாலரிலிருந்து 2 லட்சமானது, 2025 தொடக்கத்திலிருந்து கட்டண அடுக்கான ப்ரோவின் சீட் ஆண்டுக்கு 2,200 டாலரானது. கேம், பொழுதுபோக்குக்கு வெளியே உள்ள துறையில் 10 லட்சம் டாலருக்கு மேல் போனால் ப்ரோ போதாது, யூனிட்டி இண்டஸ்ட்ரி வேண்டும். 2024 நிலவரப்படி அது சீட்டுக்கு ஆண்டுக்கு 4,950 டாலர். கேட் (CAD, கணினி வழி வடிவமைப்பு) கோப்புகளை உள்ளே கொண்டுவரும் பிக்ஸிஸ் அப்போது அதில் அடக்கம். ஸ்டெப், கேட்டியா கோப்புகளோடு தினமும் மல்லுக்கட்டுகிற குழுவுக்கு அந்த விலை நியாயமாகவே தோன்றும். மற்றவர்களுக்குக் கனம்தான்.

அந்த விலையில் ஆறு பேர் குழுவுக்கு 29,700 டாலர் ஒரு ஆண்டுக்கு. அன்ரியலின் 11,100ஐப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு அப்படியே முடிவெடுத்துவிடாதீர்கள். வெளியே விற்கும் தயாரிப்பென்றால் யூனிட்டியில் எத்தனை பிரதி விற்றாலும் அதே 29,700தான்.

சிறு குழுக்கள் சறுக்கும் இடம் வேறு. யூனிட்டி பார்ப்பது வருவாயை மட்டுமல்ல, முதலீடாக வந்த பணத்தையும் சேர்த்து. அதோடு நீங்கள் வேறொருவருக்காகச் சேவையாகச் செய்துகொடுக்கிறீர்கள் என்றால் வாடிக்கையாளரின் நிதிநிலையும் கணக்கில் வருகிறது. ஆண்டுக்கு 1,50,000 டாலர் சம்பாதிக்கும் நான்கு பேர் குழு, ஒரு பெரிய எண்ணெய் நிறுவனத்துக்குப் பாதுகாப்புப் பயிற்சி செய்கிறது. நாங்கள் சின்னவர்கள்தானே என்று பெர்சனலில் வேலையைத் தொடங்கிவிட முடியாது. ஒரே திட்டத்தில் இருவர் ப்ரோ, மீதிப் பேர் பெர்சனல் என்று கலக்கவும் கூடாது. ஆகவே விலைக்குறிப்பு எழுதுமுன் கேட்க வேண்டியது வாடிக்கையாளர் எவ்வளவு பெரியவர் என்பதைத்தான். சீட் செலவைத் தனி வரியாகக் காட்டி அவரிடமே வாங்கிவிடுவது நடைமுறையில் எளிது.

செயற்கைத் தரவு (ஏஐ மாடலைப் பழக்க எஞ்சினில் எடுக்கும் படங்கள்) உற்பத்தி செய்கிறவர்களுக்கு: எடிட்டரைத் திரையில்லாமல் கட்டளையால் இயங்கும் பேட்ச் மோடில் ஓட்டினாலும் அது எடிட்டர்தான், லைசென்ஸ் கேட்கும். கிளவுடில் ஐம்பது கணினியில் எடிட்டரை எழுப்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் ஐம்பதும் ஆக்டிவேஷன் கேட்டு நிற்கும், பாதியில் சில விழுந்துவிடும். எடிட்டர் இல்லாமல் ஓடும் லினக்ஸ் பிளேயராக ஒருமுறை பில்ட் செய்து, அதையே ஐம்பது இடத்தில் ஓட்டுங்கள். காட்சி விவரங்களைக் கமாண்ட் லைனிலோ கோப்பிலோ கொடுங்கள். தானாகவே பில்ட் எடுக்கும் சிஐ கணினிக்கு மட்டும் அதற்கென்றே விற்கும் பில்ட் சர்வர் லைசென்ஸை வாங்கிக்கொள்ளலாம். அன்ரியலிலும் இதே பழக்கம் நல்லது: குக் செய்த (ஓட்டத் தயாராக்கிய) பில்டை ரெண்டர்-ஆஃப்ஸ்கிரீன் கொடியோடு ஓட்டினால் திரையில்லாத கணினியிலும் படம் கிடைக்கும்.

இணையமே இல்லாத ஆய்வகத்தில் வேலை என்றால் யூனிட்டியின் ஆக்டிவேஷனைத் திட்டத்தின் முதல் வாரத்திலேயே சோதித்துப் பாருங்கள். அந்தக் கணினியில் ஏஎல்எஃப் என்ற கோரிக்கைக் கோப்பை உருவாக்கி, வேறு கணினி வழியாகப் பதிவேற்றி, யூஎல்எஃப் கோப்பை வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டும். பெர்சனலுக்கு இந்த வழியை எடுத்துவிட்டார்கள். பணம் கட்டிய சீட்டுக்குத்தான் நடக்கும். அந்த லைசென்ஸ் கணினியோடு கட்டப்படுகிறது. வன்பொருளை மாற்றினால் செல்லாமல் போகலாம். பலர் மாறிமாறி உட்காரும் ஆய்வகத்தில் உள்வலையில் ஃப்ளோட்டிங் லைசென்ஸ் சர்வர் வைப்பதே நிம்மதி.

கேம் மட்டுமே, கேம் கூடாது

கிரை எஞ்சின் அழகான படம் தரும், 5 சதவீத ராயல்டி, திட்டத்துக்கு ஆண்டுக்கு முதல் 5,000 டாலர் விலக்கு. ஆனால் அதன் பொது லைசென்ஸ் கேமுக்கு மட்டும். ராணுவத் திட்டம், அறிவியல், கட்டடக்கலை, சிமுலேஷன், சீரியஸ் கேம் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே விலக்குகிறது. தனி ஒப்பந்தம் இல்லாமல் தொட வேண்டாம்.

இதற்கு நேர் எதிர், விமான சிமுலேட்டர் தளமான ப்ரிபேர்3டி. மைக்ரோசாஃப்டின் இஎஸ்பி என்ற சிமுலேஷன் தளத்தை 2009இல் வாங்கி லாக்ஹீட் மார்ட்டின் வளர்த்தது. அதன் லைசென்ஸ் பயிற்சிக்கும் கல்விக்கும்தான். தனிப்பட்ட பொழுதுபோக்குக்குக் கூடாது.

அன்ரியல் ஒப்பந்தத்திலும் ஒரு விலக்கு உண்டு: அணுமின் நிலைய இயக்கம், விமான வழிகாட்டல், வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு, நேரடிப் போரில் ராணுவப் பயன்பாடு. பயிற்சி வேறு, இயக்கம் வேறு என்பதுதான் கோடு. டிஜிட்டல் ட்வின் (உண்மையான ஆலையின் மெய்நிகர் நகல்) செய்கிறவர்கள் இந்தக் கோட்டைத் தெரியாமலே தாண்டுகிறார்கள். ஆலையின் சென்சார் தரவைத் திரையில் காட்டுகிறவரை அது காட்சிப்படுத்தல். திரையில் ஒரு வால்வைத் தொட்டால் ஆலையில் உண்மையான வால்வு திறக்கும் என்று வந்த நிமிடம் அது இயக்கம். வாடிக்கையாளர் அந்த வசதியை இரண்டாம் கட்டத்தில் "சின்ன மாற்றம்தானே" என்று கேட்பார். கட்டளை போகும் பாதையை எஞ்சினுக்கு வெளியே, அதற்கென்று சான்று பெற்ற கட்டுப்பாட்டு மென்பொருளில் வையுங்கள். எஞ்சின் பார்க்க மட்டும்.

திறந்த மூலம் என்றால் வேலையே இல்லை என்று அர்த்தமல்ல

கோடோ எஞ்சினுக்கு எம்ஐடி லைசென்ஸ், ஓ3டிஇ எஞ்சினுக்கு அப்பாச்சி 2.0 அல்லது எம்ஐடி. இரண்டுமே தாராளமான திறந்த மூல லைசென்ஸ்கள். சீட் இல்லை, ராயல்டி இல்லை, வாடிக்கையாளரிடம் எடிட்டரையே கொடுக்கலாம், திருத்திய எஞ்சினையும் கொடுக்கலாம். பத்துப் பதினைந்து ஆண்டு பராமரிக்க வேண்டிய சிமுலேட்டருக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது. காட்சித் தரம் இரண்டாம் பட்சமான ரோபோ, லாஜிஸ்டிக்ஸ், செயல்முறைப் பயிற்சி வேலைகளுக்கு நான் முதலில் இவற்றைத்தான் பரிந்துரைப்பேன். ஓ3டிஇயில் ரோபோ மென்பொருள் தளமான ராஸ் 2க்கான இணைப்பு தயாராகவே இருக்கிறது.

கடமை ஒன்றே ஒன்று, அறிவிப்பு. கோடோவை வைத்துச் செய்த பில்டில் கோடோவின் எம்ஐடி வாசகம் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் ஃப்ரீடைப், இநெட், எம்பெட் டிஎல்எஸ் போன்றவற்றின் வாசகமும் பயனர் பார்க்கக் கிடைக்க வேண்டும். இதைக் கையால் தட்டச்சு செய்ய வேண்டாம். கோடோவில் எஞ்சின் என்ற சிங்கிள்டனில் (எங்கிருந்தும் அழைக்கக்கூடிய பொருள்) கெட்-லைசென்ஸ்-டெக்ஸ்ட், கெட்-காப்பிரைட்-இன்ஃபோ, கெட்-லைசென்ஸ்-இன்ஃபோ என்று மூன்று செயற்கூறுகள் இருக்கின்றன. முதலாவது கோடோவின் உரிம வாசகத்தைத் தரும். இரண்டாவது உள்ளே இருக்கும் ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் உரிமையாளரையும் பட்டியலாகத் தரும். மூன்றாவது அந்தப் பாகங்களின் உரிம வாசகங்களைத் தரும். "பற்றி" திரையில் ஒரு ஸ்க்ரோல் பெட்டி வைத்து மூன்றையும் ஊற்றினால் முடிந்தது. மெனுவே இல்லாமல் நேராகப் பயிற்சியில் தொடங்கும் கியாஸ்க் வகை சிமுலேட்டர் என்றால், அதே வாசகத்தைப் பயனர் கையேட்டின் பின்னிணைப்பில் அச்சிடுங்கள்.

திறந்த மூல சிமுலேட்டர்களில் ஒரு பொறி இருக்கிறது. தானியங்கி வாகன சிமுலேட்டரான கார்லாவின் கோட் எம்ஐடி, அதன் மாடல்கள் சிசி-பிஒய் (உரிமையாளர் பெயரைக் குறிப்பிடச் சொல்லும் உரிமம்). ட்ரோன், கார் சிமுலேட்டரான ஏர்சிமும் எம்ஐடிதான், அதன் வளர்ச்சி 2022இல் நின்றுபோனது. ஆனால் கார்லா அன்ரியலின் மேல் நிற்கிறது. ஏர்சிமும் முதன்மையாக அப்படியே. மேலே இருக்கும் கோடின் எம்ஐடி, கீழே இருக்கும் எஞ்சினின் ஒப்பந்தத்தை மாற்றாது. கார்லாவைத் திருத்தி ஒரு தயாரிப்பாக விற்றால் அன்ரியல் விதி முழுவதும் உங்கள் மேல் வரும்.

எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. ஜிபிஎல் (இணைத்த முழு மென்பொருளையும் அதே உரிமத்தில் திறக்கச் சொல்லும் லைசென்ஸ்) கோடை அன்ரியல் ப்ராஜெக்டுக்குள் இணைக்கக் கூடாது. ஒப்பந்தமே அதைத் தடுக்கிறது, ஜிபிஎல்லும் அதை ஒப்புக்கொள்ளாது. விமான இயக்கவியலுக்குப் பலரும் எடுக்கும் ஜேஎஸ்பிசிம், ஜிபிஎல்லின் தளர்வான வடிவமான எல்ஜிபிஎல். அதை ஸ்டாட்டிக்காக ஒட்டாமல் டிஎல்எல்லாகவோ எஸ்ஓ கோப்பாகவோ தனியே வைத்து டைனமிக்காக இணைக்க வேண்டும், பயனர் அந்தக் கோப்பை மாற்றிப் போட முடிய வேண்டும். ஃப்ளைட்கியர் போல முழு ஜிபிஎல் என்றால் அதைத் தனி ப்ராசஸாக ஓட்டி, யுடிபி என்ற வலை நெறிமுறை வழியே நிலையையும் திசையையும் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். நொடிக்கு அறுபது பாக்கெட், ஒவ்வொன்றும் சில நூறு பைட் என்பது எந்தக் கணினிக்கும் பாரமில்லை. சிமுலேட்டர்கள் ஒன்றோடொன்று பேச டிஐஎஸ், எச்எல்ஏ என்ற ஐஇஇஇ தரங்கள் இருப்பதால், இந்தப் பிரிவினை இத்துறைக்குப் புதிதும் அல்ல.

எஃப்எம்யூ (வேறு மாடலிங் கருவியில் செய்த இயக்க மாடலை அடைத்துத் தரும் கோப்பு) இணைக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வணிக மாடலிங் கருவிகளில் சில ஏற்றுமதி செய்யும் எஃப்எம்யூ, ஓடும்போது அந்தக் கருவியின் லைசென்ஸ் சர்வரைத் தேடும். உங்கள் அலுவலகத்தில் சர்வர் இருப்பதால் நன்றாக ஓடும். வாடிக்கையாளரிடம் போனதும் முதல் ஸ்டெப்பிலேயே பிழை வரும். வலைக்கேபிளைக் கழற்றிவிட்டுப் புதுக் கணினியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தால் இது அன்றே தெரிந்துவிடும்.

எஞ்சினுக்கு வெளியே இருந்து வரும் தலைவலி

உண்மையைச் சொன்னால் சிமுலேஷன் திட்டங்களில் மாட்டிக்கொள்வது எஞ்சினால் அல்ல, அதற்குள் போட்ட பொருள்களால். எபிக்கின் ஃபேப் கடையில் ஒரே 3டி மாடலுக்குப் பெர்சனல், ப்ரொஃபஷனல் என்று இரு விலை உண்டு. ஆண்டு வருவாய் 1 லட்சம் டாலரைத் தாண்டினால் ப்ரொஃபஷனல்தான். ஊழியர் ஒருவர் தன் சொந்தக் கணக்கில் பெர்சனல் விலைக்கு வாங்கிய டிரக் மாடல் நிறுவனத்தின் தயாரிப்புக்குள் வந்துவிட்டால், லைசென்ஸ் அவர் பெயரில், அதுவும் தவறான அடுக்கில். அவர் வேலையை விட்டுப் போகும்போதுதான் தெரியும். எல்லா வாங்குதலும் நிறுவனக் கணக்கிலிருந்துதான் என்பது கறாரான விதியாக இருக்க வேண்டும்.

யூனிட்டி அசெட் ஸ்டோரில் "எக்ஸ்டென்ஷன்" வகைக் கருவிகளுக்கு ஆளுக்கு ஒரு லைசென்ஸ். ஒன்று வாங்கி, குழு பகிரும் கோட் களஞ்சியமான கிட்டில் போட்டு ஆறு பேர் பயன்படுத்துவது மீறல்.

வரைபடம் இன்னும் கடுமை. கூகுளின் ஃபோட்டோரியலிஸ்டிக் 3டி டைல்ஸை சீசியம் பிளகின் வழியாக இழுத்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் முழு நகரமே கண் முன்னால் நிற்கும். டெமோவில் எல்லோரும் கைதட்டுவார்கள். பிளகின் அப்பாச்சி 2.0, அதில் குறையில்லை. டைல்ஸின் கொள்கையோ ஆஃப்லைன் பயன்பாடு, படப் பகுப்பாய்வு, இயந்திரம் படித்தறிதல், பொருளைக் கண்டறிதல், புவித்தரவைப் பிரித்தெடுத்தல் எல்லாவற்றையும் தடுக்கிறது. சிமுலேட்டருக்கு வேண்டியது பெரும்பாலும் அவைதான். ட்ரோன் கேமராவின் ஏஐ மாடலை அந்த நகரத்தின் மேல் பறக்கவிட்டுப் பழக்க முடியாது. இணையமில்லாத பயிற்சி அறைக்கு டைல்ஸைச் சேமித்துக் கொண்டுபோகவும் முடியாது. உரிமம் தெளிவான ஆர்த்தோ படம் (கோணம் சரிசெய்த வான்படம்), உயரத் தரவு, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் சாலைக் கோடுகள் ஆகியவற்றிலிருந்து நிலப்பரப்பைக் கட்டுவதே நிலைக்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்புக்கு ஓடிபிஎல் என்ற தரவுத்தள உரிமம்: வரைந்த படத்துக்கு நன்றிக்குறிப்பு போதும், ஆனால் சாலைத் தரவைத் திருத்திச் செறிவூட்டி அந்தத் தரவுத்தளத்தையே வெளியில் விநியோகித்தால் அதையும் அதே உரிமத்தில் திறந்துவைக்க வேண்டும். திருத்தங்களைத் தனி லேயராக வைத்திருந்தால் எது அவர்களுடையது, எது உங்களுடையது என்று பிரித்துக் காட்ட முடியும்.

ஏஐ பற்றி. அன்ரியல் ஒப்பந்தம், அதன் உள்ளடக்கத்தை ஜெனரேட்டிவ் ஏஐக்குப் பயிற்சித் தரவாகக் கொடுப்பதைத் தடுக்கிறது. பாதசாரியைக் கண்டுபிடிக்கும் மாடலுக்குப் படம் எடுப்பது வேறு வகை. ஆனால் கடையில் வாங்கிய ஒவ்வொரு மாடலுக்கும் விற்றவரின் நிபந்தனை தனியாக உண்டு. ஃபேபில் "நோஏஐ" என்ற குறியும் உண்டு. 400 பொருள் உள்ள காட்சியில் மூன்றுக்கு அந்தக் குறி இருந்தால், எடுத்த லட்சம் படமும் சந்தேகத்துக்குள்ளாகும். வாங்கும்போதே பார்த்தால் ஒரு நிமிட வேலை.

பதிப்பு, பதிவேடு

யூனிட்டியின் 2018 டிசம்பர் விதிமாற்றமும் அதையொட்டி 2019 ஜனவரியில் இம்ப்ராபபிள் நிறுவனத்தோடு எழுந்த சச்சரவும், 2023இன் ரன்டைம் கட்டணமும் காட்டியது ஒன்றைத்தான்: நீங்கள் கோட் எழுதிக்கொண்டிருக்கும்போதே விதி மாறலாம். அன்ரியலின் சீட் விதி 5.4க்கும் அதற்குப் பிறகான பதிப்புகளுக்கும்தான், 5.3இலேயே நிற்கிறவருக்குப் பழைய விதி. ஆகவே எஞ்சின் பதிப்பை உயர்த்துவது கோட் சார்ந்த முடிவு மட்டுமல்ல. புது நானைட் வசதிக்காக ஒரு டெவலப்பர் வெள்ளிக்கிழமை மாலை 5.3லிருந்து 5.4க்கு மாற்றி, குழுவின் பொதுப் பிரதியில் மெர்ஜ் செய்தால், திங்கள்கிழமை குழு முழுவதும் வேறு ஒப்பந்தத்தின் கீழ் உட்கார்ந்திருக்கும். பதிப்பு எண் உள்ள கோப்பில் மாற்றம் வந்தால் திட்ட மேலாளரின் ஒப்புதல் இல்லாமல் மெர்ஜ் ஆகாதபடி ரெப்போவில் (கோட் களஞ்சியத்தில்) பூட்டு போடுங்கள்.

பதிவேடு எளிய விரிதாளாக இருந்தாலே போதும். ஒரு வரி இப்படி இருக்கும்: பொருள், அன்ரியல் எஞ்சின் 5.3.2. ஒப்பந்தம், பதிவிறக்கிய நாளோடு பிடிஎஃப், அந்தக் கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஷா-256 எண். ஏற்றுக்கொண்ட கணக்கு, நிறுவன மின்னஞ்சல். எடிட்டர் திறப்பவர்கள், நான்கு பேர், பெயர்களோடு. பில்ட் போகுமிடம், வாடிக்கையாளரின் மூன்று பயிற்சி மையம், மொத்தம் 12 கணினி. பணம், ஒப்பந்த வேலை. சந்தேகம், நான்காவது மையத்துக்குத் தனி விற்பனை என்றால் ராயல்டியா. கேட்டு எழுதிய நாள், பதில் வந்த நாள். இதே போல ஒவ்வொரு பிளகினுக்கும், மாடல் தொகுப்புக்கும், எழுத்துருவுக்கும், ஒலிக்கும் ஒரு வரி. புதுப் பொருள் ரெப்போவுக்குள் வரும் அதே கமிட்டில் அதன் வரியும் வர வேண்டும். பிறகு நிரப்பலாம் என்று விட்டால் எந்தக் கல் எந்தக் கடையில் வாங்கியது என்று ஒருவருக்கும் நினைவிருக்காது.

வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பராமரிப்புக் காலத்தில் எஞ்சின் பதிப்பை உயர்த்த வேண்டி வந்தால் அதனால் கூடும் லைசென்ஸ் செலவு யாருடையது என்பது ஒன்று. எஞ்சின் "உள்ளது உள்ளபடி" தரப்படுகிறது, அதன் இயற்பியல் முடிவுகளுக்கு எஞ்சின் நிறுவனம் பொறுப்பேற்காது என்பது இன்னொன்று. வாகனப் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 26262 போன்ற தரத்தின் கீழ் சோதனைக் கருவியாகச் சிமுலேட்டரைக் காட்ட நினைப்பவர்களுக்கு இந்த இரண்டாவது வரி மிக முக்கியம். கருவியின் நம்பகத்தன்மைக்கான ஆதாரத்தை எஞ்சின் தராது, நீங்கள்தான் உண்மை வாகனத்தின் அளவீடுகளோடு ஒப்பிட்டு உருவாக்க வேண்டும். அந்த ஒப்பீட்டுக்கு ஆகும் மாதங்களை விலைக்குறிப்பில் எஞ்சின் சீட் வரிக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.